வெள்ளவத்தை அச்சகமொன்றில் ஃபிரீபிஎஸ்டி 13இலிருந்து 14: ஒரு நிகழ்வு ஆய்வு

2025 பெப்ரவரி 8 முதல் 12 வரை நடந்தவை இவை. சேர்வரில் ஓடும் ஃபிரீபிஎஸ்டி (FreeBSD) என்ற இயங்குதளத்தை 13ஆம் பதிப்பிலிருந்து 14க்குப் புதுப்பித்தவர் அச்சகத்தின் கணினிகளைப் பகுதிநேரமாகப் பார்த்துக்கொள்ளும் இளைஞர். அவரை இங்கே நிர்வாகி என்று குறிக்கிறேன். திங்கள் காலை அவர் தொலைபேசியில் கூப்பிட்டபோதுதான் நான் இதற்குள் வந்தேன். அதற்கு முந்தியவற்றை அவருடைய குறிப்புக் கொப்பியில் இருந்தும் சேர்வரின் பதிவுக் கோப்புகளில் இருந்தும் எடுத்தேன். பெயர் போடாமல் எழுத அவரும் அச்சக உரிமையாளரும் சம்மதித்தார்கள்.

பின்னணி

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் இருக்கிறது அச்சகம். கல்யாண அட்டை, கோயில் திருவிழாத் துண்டுப்பிரசுரம், முப்பத்தோராம் நாள் நினைவு மலர் ஆகியவைதான் அதன் சோறு. மற்ற வேலைகளை ஒரு நாள் தள்ளலாம். முப்பத்தோராம் நாளைத் தள்ள முடியாது. இந்தக் கதையில் அது முக்கியம்.

எல்லாவற்றையும் ஒரே ஒரு சேர்வர் சுமந்தது. பக்க வடிவமைப்புக் கோப்புகளைப் பகிரும் சம்பா (அரிசி அல்ல, கோப்புப் பகிர்வு மென்பொருள்), கட்டளைகளும் (ஓடர்கள்) பற்றுச்சீட்டுகளும் இருக்கும் போஸ்ட்கிரெஸ் 13 தரவுத்தளம், வாடிக்கையாளர் இணையத்தில் கட்டளை கொடுக்கும், பிஎச்பி மொழியில் எழுதிய படிவம் எல்லாம் அதில்தான். நான்கு கருக்கள் கொண்ட பழைய செயலி, 16 ஜிபி நினைவகம், ஒன்றன் பிரதியாக மற்றது இயங்கும் இரண்டு வட்டுகள், அவற்றின் மேல் இசட்எஃப்எஸ் கோப்புமுறை. மின்சாரம் போனால் யூபிஎஸ் இருபது நிமிடம் தாங்கும்.

அதை 2019இல் நிறுவியவர் 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நாட்டை விட்டுப் போனவர்களில் ஒருவர். நல்ல வேலைக்காரர். ஆனால் ஒரு வரி குறிப்புக்கூட எழுதி வைக்கவில்லை. புதிய நிர்வாகி வந்து பார்த்தபோது இயங்குதளம் 13.2. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 நடுவிலேயே நின்றுவிட்டன. 2024 ஜூலையில், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்எச்சில் பெரிய ஓட்டை ஒன்று வெளிவந்தபோது, திருத்தம் போடாமல் உள்நுழைவு அவகாசத்தைப் பூச்சியமாக்கும் தற்காலிக மாற்றத்தை மட்டும் நிர்வாகி அமைப்புக் கோப்பில் எழுதியிருந்தார். அது ஏழு மாதமாக அப்படியே கிடந்தது. 14.2 வெளிவந்தது 2024 டிசம்பரில். இனியும் தள்ள முடியாது என்று பெப்ரவரி இரண்டாம் வார இறுதியைக் குறித்தார்.

ஏன் மூல நிரலிலிருந்து?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். நிர்வாகி கேட்டார். ஃபிரீபிஎஸ்டியைப் புதுப்பிக்கத் தயாராகத் தொகுத்த கோப்புகளை இறக்கிப் போடும் வழி உண்டு. பொதுவான கேர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதியை) வைத்திருப்பவருக்கு அதுவே போதும். இந்தக் கணினியில் இருந்ததோ தனிக் கேர்னல். அதன் அமைப்புக் கோப்பைத் திறந்தால் இரண்டே விடயங்கள்: பொதுக் கேர்னலை அப்படியே சேர், அதிலிருந்து ரியல்டெக் வலையட்டை இயக்கியை மட்டும் எடுத்துவிடு. இயக்கியை எடுத்துவிட்டால் வலையமைப்பு எப்படி வேலை செய்கிறது? கேர்னல் கூறுகள் இருக்கும் அடைவில் போய்ப் பார்த்தார். போர்ட்ஸ் தொகுப்பிலிருந்து (இயங்குதளத்துக்கு வெளியே இருந்து சேர்க்கும் மென்பொருட்கள்) கட்டிய, தயாரிப்பாளரின் சொந்த இயக்கி அங்கே இருந்தது. கூடவே வரும் இயக்கி பாரம் கூடும்போது இந்த அட்டையில் தொங்கிப்போனதால் முன்னவர் இப்படி மாற்றியிருக்க வேண்டும் என்று ஊகித்தார். பழைய பதிவுக் கோப்புகளில் அதற்கான செய்திகளும் கிடைத்தன.

இந்தக் கண்டுபிடிப்பு பெரிய விபத்தொன்றைத் தவிர்த்தது. 13க்குக் கட்டிய கேர்னல் கூறு 14 கேர்னலில் ஏறாது. பழையது ஏறாமல், உள்ளிருக்கும் இயக்கியும் இல்லாமல் கணினி எழுந்திருந்தால் வலையமைப்பே இருந்திருக்காது. ஆகவே கேர்னலைக் கட்டும்போதெல்லாம் இந்த இயக்கியையும் சேர்த்துக் கட்டும்படி போர்ட்ஸ்_மொடியூல்ஸ் என்ற மாறியில் அதன் பெயரைப் போட்டார். மூல நிரலிலிருந்தே புதுப்பிப்பது என்ற முடிவும் இதனால் வந்தது. சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

சனி இரவு

போஸ்ட்கிரெஸ் முழுவதையும் ஒரு கோப்பாக இறக்கி வெளி வட்டில் வைத்தார். பிறகு பிஇசிடிஎல் கட்டளையால் ஒரு துவக்கச் சூழலை உருவாக்கினார். அதாவது, இயங்குதளம் அந்த நொடியில் இருந்த நிலையை இசட்எஃப்எஸ் அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். பின்னால் ஏதும் பிழைத்தால் கணினி எழும்பும்போது அதைத் தெரிவுசெய்து பழைய நிலைக்குத் திரும்பலாம். மூல நிரலை இறக்கும் கிட் மூலம் 14.2 வெளியீட்டுக் கிளையை இறக்கி, மாற்றங்களைப் பட்டியலிடும் அப்டேட்டிங் கோப்பை 13.2 காலத்திலிருந்து மேல்நோக்கி வாசித்தார். கொப்பியில் ஒரு வரியின் கீழ் இரட்டைக் கோடு இருக்கிறது: “ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1 போய் 3.0. போர்ட்ஸ் எல்லாம் திரும்பக் கட்ட வேணும்.” ஓபன்எஸ்எஸ்எல் என்பது பல மென்பொருட்கள் பொதுவாகப் பயன்படுத்தும் குறியாக்க நூலகம்.

பின்னால் நடந்த பிழை தெரியாமல் செய்தது அல்ல என்பதற்காகவே இந்த வரியை இங்கே எடுத்துப் போட்டேன்.

ஞாயிறு: கரண்ட் போன நாள்

காலை 8.30க்கு, இயங்குதளம் முழுவதையும் மூல நிரலிலிருந்து தொகுக்கும் பில்ட்வேர்ல்ட் தொடங்கியது. இந்தக் கட்டத்தில் சேவைகளை நிறுத்தத் தேவையில்லை. தொகுப்பவை எல்லாம் ஒரு தனி அடைவில் சேரும், ஓடும் இயங்குதளத்தை எதுவும் தொடாது. நேரத்தில் பெரும் பங்கைத் தின்பது கிளாங் தொகுப்பி. தன்னைத் தானே கட்டிக்கொள்ள அதற்கு மணிக்கணக்கு வேண்டும்.

11 மணி தாண்டி நாடு முழுவதும் மின்சாரம் போனது. தெற்கே ஒரு மின் உபநிலையத்துக்குள் குரங்கு புகுந்ததே காரணம் என்று அன்றே சொல்லப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். யூபிஎஸ் அலறத் தொடங்கியதும் நிர்வாகி தொகுப்பைக் கையாலே நிறுத்தி, கணினியை முறைப்படி மூடினார்.

மின்சாரம் மாலை ஐந்து மணி போல் வந்தது. விட்ட இடத்திலிருந்து தொடரலாமா, முதலிலிருந்தா? முறைப்படி நிறுத்தினால் அரைகுறையாக எழுதிய கோப்பை, தொகுப்பை நடத்தும் மேக் கட்டளை தானே அழித்துவிடும், ஆகவே தொடர்ந்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. தொகுத்தவற்றை முழுக்க அழித்து முதலிலிருந்து தொடங்கினார். சுமார் மூன்று மணி நேரம் வீண். ஆனால் அரைகுறையாகத் தொகுத்த ஒரு கோப்பு உள்ளே தங்கி, கேர்னலோடு பொருந்தாமல் போகும் பயம் அவருக்கு. அந்தக் கவனத்தில் நான் குறை காண மாட்டேன். விளைவை மட்டும் குறிக்க வேண்டும்: பகலில் முடிய வேண்டிய நிறுவல் இரவுக்குப் போனது.

இரவு 9 மணிக்கு வேர்ல்ட் முடிந்தது. 9.30க்குக் கேர்னலும் இயக்கியும். சேவைகளை நிறுத்தி, புதிய கேர்னலை நிறுவி, தனிப்பயனர் நிலையில் மீள எழுப்பினார். அமைப்புக் கோப்புகளைப் பொருத்தும் எட்சிஅப்டேட்டின் முன்கட்டம், புதிய இயங்குதளத்தை நிறுவும் இன்ஸ்டால்வேர்ல்ட், பின்னர் அமைப்புக் கோப்புகளின் ஒன்றிணைப்பு. எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்பில் மட்டும் முரண் காட்டியது. அந்தப் பழைய தற்காலிக மாற்றத்தை எடுத்துவிட்டு மற்றவற்றைக் கையால் பொருத்தினார். இதுவரை ஒரு பிசகும் இல்லை.

மிச்சம் இருந்தது பழைய கோப்புகளை அழிப்பது. இது இரண்டு கட்டளைகள். டிலீட்-ஓல்ட் தேவையற்ற பழைய கோப்புகளை அழிக்கும். அதை உடனே செய்யலாம். டிலீட்-ஓல்ட்-லிப்ஸ் பல மென்பொருட்கள் பொதுவாகப் பயன்படுத்தும் பழைய பகிர்வு நூலகங்களை அழிக்கும். அதைக் கடைசியில், போர்ட்ஸ் எல்லாவற்றையும் புதிய நூலகங்களோடு திரும்பக் கட்டிய பிறகுதான் செய்ய வேண்டும். இரண்டும் பெயரில் அக்கா தங்கை போல இருப்பதால் ஒரே வரியில் எழுதுவது பலரின் பழக்கம். ஒரு பதிப்புக்குள்ளேயான சிறு புதுப்பிப்புகளில் அது பெரும்பாலும் கெடுதல் செய்வதில்லை. நிர்வாகி போன வருடம் தன் வீட்டுக் கணினிக்கு எழுதிய வரி கட்டளை வரலாற்றில் இருந்தது. ஒவ்வொரு கோப்புக்கும் ஆம் என்று தட்டத் தேவையில்லாத தேர்வும் அதில் இருந்தது. மேல்நோக்கு விசையை அழுத்தி, என்டர். இரவு 10.50.

எந்த மென்பொருளும் இந்த நூலகங்களைப் பயன்படுத்தவில்லை என்று உறுதிசெய்துகொள்ளும்படி அந்தக் கட்டளையே திரையில் எச்சரிக்கும். எச்சரித்தும் இருக்கிறது. வரிசையாக ஓடிய நூற்றுக்கணக்கான வரிகளோடு அதுவும் மேலே ஓடிப்போனது.

மீள எழுப்பினார். உள்நுழையும் வரி வந்தது. தன் கைபேசியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக நுழைந்து பார்த்தார், நுழைந்தது. பதிப்பு 14.2 என்று காட்டியது. கடைசி பஸ்ஸுக்கு ஓடினார்.

திங்கள் காலை: கண்டவை

8.15க்கு வடிவமைப்பாளர்களால் பகிர்வுக் கோப்புகளைத் திறக்க முடியவில்லை. கட்டளைப் படிவமும் எழவில்லை. பற்றுச்சீட்டு அச்சிட முடியவில்லை. செவ்வாய் விடிய ஒரு வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய நினைவு மலரின் இறுதிப் பக்கங்கள் அந்தப் பகிர்வில்தான் இருந்தன. மற்றக் கணினிகளில் இருந்தவை பழைய பிரதிகள்.

எனக்கு வந்த அழைப்பின் முதல் வசனம்: “அக்கா, நேற்றுக் கரண்ட் போனதில டிஸ்க் பழுதாப்போச்சு போல.”

உரிமையாளரும் அதையே நம்பினார். நான் போய்ச் சேர்ந்தபோது, “குரங்கு எங்கட மலரையும் குழப்பிப்போட்டுது பிள்ளை” என்று சொன்னார். நாடு முழுக்க அன்று அதே கதை என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நானும் முதல் பத்து நிமிடம் வட்டைத்தான் பார்த்தேன். இசட்எஃப்எஸ் இரண்டு வட்டிலும் ஒரு பிழையும் இல்லை என்றது. எழுதும் தரவைப் பழையதன் மேல் எழுதாமல் புது இடத்தில் எழுதும் கோப்புமுறை அது. முறைப்படி மூடிய கணினியில் மின்வெட்டால் அது குலைய நியாயமே இல்லை.

பிறகு சம்பாவைக் கையால் தொடக்கிப் பார்த்தோம். ஒரே வரி: பகிர்வுப் பொருள் லிப்கிரிப்டோ 111 காணப்படவில்லை. போஸ்ட்கிரெஸ், பிஎச்பி, கிட் எல்லாவற்றிலும் அதே வரி. மென்பொருள் பொதிகளை நிர்வகிக்கும் பிகேஜி கட்டளையும் எழவில்லை.

நிர்வாகி ஒரு நிமிடம் பேசாமல் நின்றார். பின்பு தானே கொப்பியை எடுத்து அந்த இரட்டைக் கோட்டைக் காட்டினார்.

111 என்பது ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1இன் நூலக எண். 14இல் அது 30. ஃபிரீபிஎஸ்டியில் அடித்தள அமைப்பு ஒரு வீடு, போர்ட்ஸ் பக்கத்து வீடு. எஸ்எஸ்எச் அடித்தளத்தைச் சேர்ந்தது. அது புதிய நூலகத்தோடு சேர்ந்தே கட்டப்பட்டது, ஆகவே ஞாயிறு இரவு வேலை செய்தது. அதை வைத்துப் பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறதா என்று அறிய முடியாது. அச்சகம் உழைப்பது முழுக்கப் பக்கத்து வீட்டில்.

எடுத்த முடிவும் காரணமும்

மூன்று வழி இருந்தது.

முதல் வழி, சனிக்கிழமைத் துவக்கச் சூழலுக்குத் திரும்புவது. பத்து நிமிட வேலை. நிர்வாகி அதற்குத் தயாராக நின்றார். நான் தடுத்தேன். ஃபிரீபிஎஸ்டி நிறுவி இயல்பாக அமைக்கும் இசட்எஃப்எஸ் பிரிப்பில் பதிவுக் கோப்புகளுக்கும் அஞ்சலுக்கும் தனித் தொகுதி உண்டு. தரவுத்தளம் இருக்கும் அடைவுக்குக் கிடையாது, அது துவக்கச் சூழலுக்குள்ளேயே இருக்கும். திரும்பினால் தரவுத்தளமும் சனி இரவுக்குத் திரும்பும். ஞாயிறு காலையிலும் மாலையிலும் இணையப் படிவத்தில் 17 கட்டளைகள் வந்திருந்தன. சனிக்கிழமை இறக்கிய பிரதியிலும் அவை இல்லை.

இரண்டாவது, போர்ட்ஸ் எல்லாவற்றையும் அங்கேயே திரும்பக் கட்டுவது. இறுதியில் செய்ய வேண்டியதுதான். ஆனால் இருநூறுக்கு மேற்பட்ட பொதிகள், ஒரு பழைய செயலி. அன்றும் மறுநாளும் ஒன்றரை மணி நேரச் சுழற்சி மின்வெட்டு வேறு அறிவித்திருந்தார்கள். நினைவு மலர் அதுவரை காத்திருக்காது.

மூன்றாவதைத் தெரிவுசெய்தோம். பழைய துவக்கச் சூழலை ஒரு அடைவில் ஏற்றி, அதிலிருந்த லிப்கிரிப்டோ 111, லிப்எஸ்எஸ்எல் 111 உட்பட அழிந்த நூலகங்களை மட்டும் எடுத்து, பழைய நூலகங்களுக்கென்றே உள்ள கொம்பட் அடைவில் வைத்தோம். நூலகத் தேடல் பட்டியலைப் புதுப்பித்தோம். 10.40க்கு சம்பா எழுந்தது, பின்னால் போஸ்ட்கிரெஸ், பிஎச்பி. 17 கட்டளைகளும் இருந்தன. உடனே தரவுத்தளத்தை மறுபடி இறக்கி வெளி வட்டில் போட்டோம்.

இது ஒட்டுப்போடல். அடித்தளத்தின் வேறு நூலகங்கள் புதிய 30ஐ இழுக்க, போர்ட்ஸ் பழைய 111ஐ இழுக்க, ஒரே மென்பொருளுக்குள் இரண்டு ஓபன்எஸ்எஸ்எல் குடியிருக்கும். சில நாள் தாங்கும், நம்பி விடக்கூடாது. தவிர 1.1.1க்கான திருத்தங்கள் 2023 செப்டெம்பரிலேயே நின்றவை. ஆகவே இணையப் படிவத்தை மட்டும் மூடி வைத்தோம், உள்ளே வேலை நடந்தது. மலர் அன்று மாலை அச்சுக்குப் போனது. மின்வெட்டுக்கு அச்சகத்தின் டீசல் ஜெனரேட்டர் கைகொடுத்தது.

செவ்வாயும் போயாவும்

செவ்வாய் தைப்பூசம். நிர்வாகி கோயிலுக்குப் போய்விட்டு மத்தியானம் வந்தார். போர்ட்ஸ் வேலை அப்போது தொடங்கி மறுநாள் போயா (பௌர்ணமி) விடுமுறையில் முடிந்தது.

எல்லாவற்றையும் மூல நிரலிலிருந்து கட்டும் பழக்கத்தை இங்கே கைவிட்டோம். எந்தப் பொதிக்கு முன்னவர் இயல்புத் தேர்வுகளை மாற்றியிருக்கிறார் என்று பார்த்தால் ஐந்துதான். மிச்சத்துக்கு ஃபிரீபிஎஸ்டி தரும் தயார்ப் பொதிகளே போதும். வெளி நூலகம் எதிலும் தங்கியிராத பிகேஜி-ஸ்டாட்டிக் மூலம் முதலில் பிகேஜியையே மாற்றி, பிறகு எல்லாவற்றையும் 14க்கான பொதிகளாக மாற்றினோம். ஐந்தையும் கட்ட போர்ட்ஸ் மரத்தின் 2025 முதற் காலாண்டுக் கிளையை எடுத்தோம், பிரதான கிளையை அல்ல. தயார்ப் பொதிகள் காலாண்டுக் கிளையிலிருந்து வருபவை. இரண்டையும் கலந்தால் ஒன்று கேட்கும் பதிப்பு மற்றதில் இருக்காது.

ஒரு இடத்தில் மட்டும் நெஞ்சு திக்கென்றது. மேம்படுத்தும் முன் பிகேஜி காட்டிய பட்டியலில், நீக்கப்படுபவை என்ற தலைப்பின் கீழ் போஸ்ட்கிரெஸ் 13 சேர்வர் இருந்தது. தயார் பிஎச்பி பொதி புதிய போஸ்ட்கிரெஸ் கிளையண்டோடு (தரவுத்தளத்தோடு பேசும் பகுதி) கட்டப்பட்டது. புதிய கிளையண்ட் வந்தால் பழையது போகும், அதோடு பழைய சேர்வரும் போகும். தரவு வட்டில் பத்திரமாக இருக்கும், அதைத் திறக்க ஆள் இருக்காது. நிர்வாகி பட்டியலை வரி வரியாக, விரல் வைத்து வாசித்துக்கொண்டிருந்ததால் பிடித்தார். ஞாயிறு இரவு இருந்தவர் அல்ல இவர். மேக் அமைப்புக் கோப்பில் போஸ்ட்கிரெஸ் 13ஐ இயல்புப் பதிப்பாக எழுதி, பிஎச்பியின் அந்தக் கூறையும் எங்கள் ஐந்தோடு சேர்த்து ஆறாவதாகக் கட்டினோம். கிளையண்டையும் சேர்வரையும் பூட்டி வைத்தோம்.

புதன் மாலை நிறுவிய ஒவ்வொரு கோப்பும் தேடும் நூலகங்களைச் சரிபார்த்தோம். 111ஐத் தேடுபவை எதுவும் இல்லை. கொம்பட் அடைவில் நாங்கள் வைத்தவற்றை அழித்து, கணினியை மீள எழுப்பி, இம்முறை ஒவ்வொரு சேவையையும் ஒரு வடிவமைப்பாளரின் கணினியிலிருந்து திறந்து பார்த்த பிறகு இணையப் படிவத்தைத் திறந்தோம்.

இசட்எஃப்எஸ் புதிய வசதிகளைக் காட்டி, வட்டுத் தொகுப்பை மேம்படுத்தும்படி நச்சரித்துக்கொண்டே இருந்தது. அதைத் தொடவில்லை. மேம்படுத்தினால் பழைய துவக்கச் சூழல் அதைப் படிக்க முடியாமல் போகலாம். துவக்கியையும் முன்கூட்டியே மாற்றாவிட்டால் கணினியே எழாமலும் போகலாம். ஒரு மாதம் கழித்துத் துவக்கியை மாற்றி, அதன் பின்பே செய்தோம்.

எதை மாற்றுவோம்

என்னுடைய முடிவையே முதலில் கேள்வி கேட்கிறேன். துவக்கச் சூழலுக்குத் திரும்பியிருந்தாலும் ஞாயிறுத் தரவு அழிந்திருக்காது. புதிய சூழலை ஒரு அடைவில் ஏற்றி, போஸ்ட்கிரெஸ் அடைவை அங்கிருந்து கொண்டுவந்திருக்கலாம். பதிப்பு ஒன்றே என்பதால் அது அப்படியே ஓடியிருக்கும். இரண்டு ஓபன்எஸ்எஸ்எல் ஒரு வீட்டில் இருக்கும் நிலையும் வந்திருக்காது. திங்கள் காலை, வாசலில் வாடிக்கையாளர் நிற்க, எனக்கு அது தோன்றவில்லை. இப்போது தரவுத்தளத்துக்குத் தனித் தொகுதி கொடுத்துவிட்டோம், இந்தக் குழப்பமே வராது.

கரண்ட் போனது காரணமா? இல்லை, ஆனால் தொடர்பே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். அது வட்டைக் கெடுக்கவில்லை, வேலையை இரவு பதினொரு மணிக்குத் தள்ளியது. இன்ஸ்டால்கேர்னலுக்கு முன் நிறுத்தி, மறு ஞாயிறு வரை விட்டிருக்கலாம். தொகுத்தவை வட்டில் சும்மா கிடந்திருக்கும். மாலை ஆறு மணிக்குள் கட்டி முடியாவிட்டால் அன்று நிறுவுவதில்லை என்பது இப்போது எழுதிய விதி.

பழைய நூலகங்களை அழிக்கும் கட்டளையை நிறுவல் நாளிலேயே செய்வதில்லை. அவை கிடப்பதால் இழப்பது கொஞ்சம் வட்டு இடம்தான். பத்து நாள் கழித்து, எதுவும் தேடவில்லை என்று பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாகக் கேட்கும் முறையில். கட்டளை வரலாற்றிலிருந்து எடுக்காமல் தாளைப் பார்த்துத் தட்டுவது என்றும் நிர்வாகி எழுதினார். நான் சொல்லவில்லை, அவரே எழுதினார்.

முன்னவர் ஏன் எதைச் செய்தார் என்பதைத் தோண்டி எடுக்க நிர்வாகிக்கு மூன்று மாலைகள் பிடித்தன. வலையட்டை, ஆறு பொதிகள், போஸ்ட்கிரெஸ் பூட்டு ஆகியவற்றின் காரணங்களைத் தாளில் எழுதி, சேர்வர் அலுமாரியின் உட்கதவில் ஒட்டியிருக்கிறார்.

பின்னர்

2025 ஜூனில் 14.3 வந்தபோது அதே தாளைப் பார்த்து நிர்வாகி தனியே செய்தார். ஒரு சனிக்கிழமை கட்டி, ஞாயிறு காலை நிறுவினார். சேவை நின்றது 25 நிமிடம். அன்று நான் யாழ்ப்பாணத்தில் இருந்தேன், முடிந்த பிறகுதான் குறுஞ்செய்தி வந்தது. போஸ்ட்கிரெஸ் 13இலிருந்து மேலே போகும் வேலை பாக்கி. அதை இயங்குதளத்தோடு சேர்க்காமல் வேறொரு வார இறுதிக்குக் குறித்திருக்கிறார்.